பகல் விளக்கும் பழைய மோட்டார் வண்டியும்

விளக்கு இருளுக்குரியது என்பது மனிதன் தீயைக் கைக்கொண்ட நாள் முதலாக வழங்கிவரும் எண்ணம். ஒளி மழுங்கிப் பயனற்று நிற்கும் ஒன்றைச் சுட்டுதற்குப் 'பகல் விளக்கு' என்னும் உவமையை நமது மொழி நெடுங்காலமாகவே கைவசம் வைத்திருக்கிறது. கிரேக்க ஞானியாகிய டயோஜெனிஸ் ஏதென்சு நகரத்திலே பட்டப்பகலில் விளக்கேந்தி மனிதனைத் தேடித் திரிந்தார் என்று ஒரு கதை உண்டு. அக்கதை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் மறக்கப்படாதிருப்பதற்குக் காரணம், பகலிலே விளக்குப் பிடிப்பவனை உலகம் விந்தையாகப் பார்ப்பதேயாகும்.

இன்றோ ஐரோப்பிய நாடுகளின் பெருந்தெருக்களிலே உச்சிவெயிலில் ஓடும் புதிய மோட்டார் வண்டிகள் முகத்திலே வெண்ணிற விளக்கேந்திச் செல்கின்றன. அதனை எவரும் விந்தையாகப் பார்ப்பதில்லை. சட்டமே அவ்வாறு விதித்திருக்கிறது. இந்த மாற்றம் எவ்வாறு நேர்ந்தது, இத்தகைய விளக்கு இல்லாமலே பிறந்த பழைய வண்டிகளைப் பேணிவருவோர் இதுபற்றி என் செய்தல் தகும் என்பனவற்றை இங்கே சிறிது ஆராய்வோம்.

முதலிலே ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். வண்டி விளக்கிற்கு இரண்டு தொழில்கள் உண்டு. செல்பவன் வழியைக் காண்பதற்கு உதவுவது ஒன்று. செல்பவனைப் பிறர் காண்பதற்கு உதவுவது மற்றொன்று. இரவிலே இவ்விரு தொழில்களும் ஒரே விளக்கில் ஒன்றியிருப்பதனால் நாம் அவற்றைப் பிரித்து எண்ணுவதில்லை. பகலிலே முதலாவது தொழிலுக்கு வேலையில்லை; இரண்டாவதற்கு உண்டா என்பதே வழக்கு. இவ்வழக்கிலே தீர்ப்புக் கிடைப்பதற்கு ஒரு நூற்றாண்டு சென்றது எனலாம்.

வரலாற்றைப் பின்னோக்கிப் பார்த்தால், 'காணப்படுதல்' என்ற கவலை 'காணுதல்' என்ற கவலைக்கு மூத்தது என்பது புலனாகும். 1865 ஆம் ஆண்டிலே பிரித்தானியப் பாராளுமன்றம், வீதியிலே தானாக ஓடும் நீராவி வண்டிகள் பற்றி ஒரு சட்டம் இயற்றியது. அத்தகைய வண்டி நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைலுக்கும் நகர்ப்புறத்தில் 2 மைலுக்கும் மேற்படாத வேகத்திற் செல்லவேண்டும்; வண்டிக்கு 60 யார் முன்னே ஒருவன் செங்கொடி ஏந்தி நடந்து செல்லவேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. எதிரே வருவோரும் குதிரை செலுத்துவோரும் வண்டியின் வருகையை முன்கூட்டியே அறிதல் அதன் நோக்கம். இந்தச் செங்கொடியை இன்று நாம் எள்ளி நகையாடுகிறோம். ஆயின் அதன் கருத்தை நோக்குமிடத்து, பகல் விளக்கின் பாட்டன் அக்கொடியே என்று சொல்லத் தோன்றுகிறது.

1896 ஆம் ஆண்டிலே இந்தக் கட்டுப்பாடு நீங்கியது. பாரமற்ற மோட்டார் வண்டிகள் மணிக்கு 14 மைல் வரை செல்லலாம் என்று புதிய சட்டம் இடங்கொடுத்தது. இரவிலே விளக்கும், எந்நேரமும் ஒலியெழுப்புதற்கு ஒரு மணியோ அதுபோன்ற கருவியோ இருத்தல் வேண்டும் என்றும் கூறியது. அச்சட்டம் நடைமுறைக்கு வந்த நொவெம்பர் 14 ஆந் திகதியன்று மோட்டார் வண்டிக்காரர்கள் இலண்டனிலிருந்து பிறைற்றனுக்கு ஊர்வலமாகச் சென்று விழாக் கொண்டாடினார்கள். அதற்கு மூன்று மாதங்கள் முன்னதாக, ஆகஸ்ட் 17 ஆந் திகதி, இலண்டன் பளிங்கு மாளிகைப் பூங்காவிலே பிறிட்ஜற் டிறிஸ்கோல் என்னும் பெண்மணி மோட்டார் வண்டியில் மோதுண்டு இறந்தார். பிரித்தானியாவில் மோட்டார் வண்டியால் உயிரிழந்த முதற் பாதசாரி அவரே. அது நிகழ்ந்தது இருளிலன்று, பகற்பொழுதிலே. ஆயினும் அக்காலத்துச் சட்டம் பகலுக்கு மணியையும் இரவுக்கு விளக்கையும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டது. அந்தப் பங்கீடு எழுபது எண்பது ஆண்டுகள் அசையாது நின்றது.

இதற்கிடையே விளக்குகள் வளர்ந்த வகை தனிக்கதை. முதலிலே குதிரை வண்டியிலிருந்து கடன்வாங்கிய எண்ணெய் விளக்குகளும் மெழுகுதிரி விளக்குகளும் இருந்தன. பின்பு கல்சியங் காபைட்டின் மீது நீரைச் சொட்டவிட்டுப் பெறும் அசற்றலீன் வாயுவில் எரியும் விளக்குகள் வந்தன. பித்தளையாற் செய்யப்பட்டுப் பொன்போல் மின்னும் அவ்விளக்குகளை இன்றும் பழைய வண்டி விழாக்களிற் காணலாம். அவற்றின் ஒளி நல்ல வெண்மையானது. ஆயின் அவற்றை ஏற்றுதற்கு வண்டியை நிறுத்தி, இறங்கி, வாயுவைத் திறந்து, தீக்குச்சி கிழிக்கவேண்டும். இத்துணை தொல்லைப்பட்டுப் பகலிலே விளக்கேற்ற யாருக்கு மனம் வரும்? 1912 ஆம் ஆண்டுக்குரிய கடிலாக் வண்டியிலே சார்ள்ஸ் கெற்றரிங் என்பவர் வகுத்த மின்தொடக்கியும் மின்விளக்கும் ஒருங்கே அமைந்தன. அதன் பின்னரே விரலால் ஆளியை அழுத்தி விளக்கேற்றும் வசதி பரவலாயிற்று. பகல் விளக்கு என்னும் எண்ணம் பிறப்பதற்கு வேண்டிய கருவி அன்றே கிடைத்துவிட்டது. எண்ணந்தான் பிறக்கவில்லை.

இரண்டாம் உலகப்போர் தொடங்கியபோது, காணப்படாமையின் விலை என்ன என்பதை இங்கிலாந்து மிகக் கொடுமையான முறையிலே கற்றுக்கொண்டது. 1939 செப்டெம்பர் முதலாந் திகதியிலிருந்து அங்கே இருட்டடிப்பு நடைமுறைக்கு வந்தது. தெருவிளக்குகள் அணைக்கப்பட்டன, வண்டிகளின் முன்விளக்குகள் முகமூடியிட்டு மறைக்கப்பட்டன. 1941 ஆம் ஆண்டிலே பிரித்தானிய வீதிகளில் 9,169 பேர் இறந்தனர். பெற்றோல் பங்கீட்டினால் வண்டிகள் குறைந்திருந்த அந்த ஆண்டின் தொகையே, அந்நாட்டு வீதி மரணங்களில் இன்றுவரை மிகப் பெரியது. மக்கள் செய்த மாற்று என்ன? பம்பரிலும் மட்காட்டின் விளிம்பிலும் கால்மிதியிலும் வெள்ளைச் சாயம் பூசினார்கள். வீதியோரக் கற்களுக்கும் மரங்களின் அடிக்குங்கூட வெள்ளை தீட்டினார்கள். வண்டியோட்டி வழியைக் காண்பதற்கு அந்த வெள்ளைச் சாயம் சிறிது உதவியிருக்கலாம். அதனினும் பெரிது, வண்டி பிறர் கண்ணுக்குத் தென்படுதற்கு அது உதவியதே.

அது இரவின் கதை. பகலிலே, அதுவும் கண்ணுக்கெட்டிய தூரம் யாவும் தெளிவாகத் தெரியும்போது, முழுமையானதொரு மோட்டார் வண்டி எப்படிக் கண்ணுக்குத் தப்பும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. இதற்கு விடை வண்டியில் இல்லை, கண்ணிலே இருக்கிறது. நமது கண் நுணுக்கமாகக் காண்பது தான் நேராக நோக்கும் சிறியதொரு வட்டத்தை மட்டுமே. அதற்குப் புறத்தே உள்ளவற்றை அது உருவமாகக் காண்பதில்லை. அசைவாகவும் ஒளிவேற்றுமையாகவும் உணர்கிறது. நேரெதிரே வரும் வண்டியோ பக்கவாட்டில் அசைவதில்லை. தூரத்தில் இருக்கும்போது அதன் உருவம் சிறிது சிறிதாகவே பெருகுகிறது. ஆதலால் அசைவு என்னும் அறிகுறி அங்கே மிகக் குறைவு. எஞ்சியிருப்பது ஒளிவேற்றுமை ஒன்றே. கருநிற வண்டி தாரிட்ட கருவீதியின்மீது மரநிழலிலே வரும்போது அந்த வேற்றுமையும் அற்றுப்போகிறது. மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்தால், அவற்றுக்கிடையேயுள்ள தூரம் ஒவ்வொரு விநாடியும் 44 மீற்றர் குறைகிறது. முன்செல்லும் லொறியை முந்தலாமா என்று ஒருவன் எட்டிப்பார்த்துத் தீர்மானிக்கும் இரண்டு விநாடிக்குள் ஏறக்குறைய 90 மீற்றர் கரைந்துவிடும். அவ்விரு விநாடியில் நிழலுக்குள் இரண்டு ஒளிப்புள்ளிகள் தெரிந்தனவா, தெரியவில்லையா என்பதே அங்கு உயிருக்கும் மரணத்துக்கும் இடையேயுள்ள எல்லை.

இதனை முதலில் நாட்டுச் சட்டமாக்கியவர்கள் வடபுல மக்கள். அதில் வியப்பில்லை. பின்லாந்திலும் சுவீடனிலும் மாரிக்காலச் சூரியன் அடிவானத்தைவிட்டு மேலே எழுவதற்கே தயங்குவான். பகல் முழுவதும் நமது மாலை மங்கல் போன்றே இருக்கும். 1972 ஆம் ஆண்டிலே பின்லாந்து, நகர்ப்புறத்துக்கு வெளியேயுள்ள வீதிகளில் மாரிக்காலத்தில் பகலிலும் விளக்கேற்றுதல் வேண்டுமென விதித்தது. 1982 இல் அவ்விதியை ஆண்டு முழுவதற்கும் விரித்தது. 1997 இல் நகரங்களையும் சேர்த்துக்கொண்டது. சுவீடன் இவ்வாறு படிப்படியாகச் செல்லவில்லை. 1977 ஒக்ரோபர் முதலாந் திகதி தொடக்கம் எல்லா வீதிகளிலும் எல்லாக் காலத்திலும் விளக்கு எரிதல் வேண்டும் என்று ஒரே முறையில் ஆணையிட்டது. நோர்வே 1985 இல் புதிய வண்டிகளுக்கும் 1988 இல் எல்லா வண்டிகளுக்கும் இதனைக் கட்டாயமாக்கியது. டென்மார்க் 1990 இல் இவர்களுடன் சேர்ந்தது.

சுவீடிஷ் மொழியிலே இவ்விளக்குக்கு இட்ட பெயர் சிந்திக்கத்தக்கது. 'வார்செல்யூஸ்' என்பர், முன்னறிவிப்பு ஒளி என்பது அதன் பொருள். வெளிச்சந் தருவதைப்பற்றி அப்பெயர் ஒன்றும் பேசவில்லை. செங்கொடி பிடித்தவனின் தொழில் அப்படியே அதில் அடங்கியிருக்கிறது. 1970 களின் நடுவில் வெளிவந்த வொல்வோ 240 வண்டியிலே, அந்நாட்டு உபயோகத்திற்கென, முன்புறத்துச் சிறு விளக்குகளுக்குள் 21 வாற்றுக் குமிழ் இழையொன்றை அமைத்தார்கள். சாவியைத் திருப்பியதும் அது தானே எரியும். ஓட்டுபவரின் ஞாபகசக்தியை நம்பாத அமைப்பு அது.

வடபுலத்தில் தொடங்கிய வழக்கம் பிறகு மேற்கே கடல் கடந்தது. 1989 டிசம்பர் முதலாந் திகதிக்குப் பின் கட்டப்படும் புதிய வண்டிகளில் பகல் விளக்கு இருத்தல் வேண்டுமெனக் கனடா விதித்தது. ஐக்கிய அமெரிக்கா 1993 இல் இதனை அனுமதித்ததேயன்றிக் கட்டாயப்படுத்தவில்லை. ஐரோப்பிய ஒன்றியம், 2011 பெப்ரவரி 7 ஆந் திகதி முதல் புதிய வகைக் கார்களிலும், 2012 ஓகஸ்ற் முதல் புதிய வகை லொறி, பஸ் வண்டிகளிலும் இதற்கென்றே தனி விளக்கு அமைதல் வேண்டுமென ஆணை பிறப்பித்தது. இந்தியாவிலே 2017 ஏப்ரல் முதல் புதிய மோட்டார் சைக்கிள்களின் முன்விளக்கு, இயந்திரம் ஓடும்வரை எரிந்துகொண்டே இருக்கும்படி அமைக்கப்படுகிறது.

பிரித்தானியாவில் நிகழ்ந்ததோ சிறிது வேடிக்கையானது. மங்கலான வேளையிலே சிறு விளக்குகளை மட்டும் ஏற்றிக்கொண்டு ஓடும் பழக்கம் அந்நாட்டவரிடம் வேரூன்றியிருந்தது. அதனை மாற்றுவதற்காக, 1987 ஏப்ரல் முதல் புதிய கார்களில் சிறு விளக்கை ஏற்றியவுடன் முன்விளக்கின் தாழ்ந்த ஒளியும் குறைந்த அளவில் எரியும்படி ஓர் அமைப்பை அந்த அரசாங்கம் கட்டாயமாக்கியது. ஐரோப்பியப் பொதுவிதிகளில் இல்லாத ஒன்றை ஒரு நாடு தனியே கட்டாயமாக்குதல் ஆகாது என்று வழக்காயிற்று. 1988 இல் ஐரோப்பிய நீதிமன்றம் பிரித்தானியாவுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. விளக்குக் கூடாதென்று அந்த நீதிபதிகள் கூறவில்லை. வணிக விதி ஒன்றை மீறியது என்றே கூறினார்கள். 

எதிர்ப்பாளர்களும் இல்லாமலில்லை. மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர், 'எல்லா வண்டிகளும் விளக்கேற்றினால் எங்கள் ஒற்றை விளக்கு அக்கூட்டத்துள் மறைந்துவிடும்' என்றனர். பாதசாரிகளுக்கும் துவிச்சக்கர வண்டியிற் செல்வோருக்கும் விளக்கு ஏது என்று வேறு சிலர் கேட்டனர். ஒஸ்திரியா 2005 நொவெம்பரிலே பகலிலும் விளக்கேற்றும் விதியைக் கொண்டுவந்து, 2008 ஜனவரியிலே அதனை நீக்கிவிட்டது. ஆராய்ச்சி முடிவுகளும் ஒரே குரலிற் பேசவில்லை. நோர்வே ஆய்வாளர் றூனே எல்விக் 1996 இல் பல நாட்டு ஆய்வுகள் பதினேழை ஒன்றுசேர்த்து நோக்கி, விளக்கேற்றிய காருக்குப் பகலில் பிற வண்டிகளோடும் பிறரோடும் நேரும் விபத்து நூற்றுக்குப் 10 முதல் 15 வரை குறைகிறதென்று கணித்தார். 2008 இல் வெளிவந்த அமெரிக்க அரசாங்க ஆய்வொன்றோ, மொத்தத்தில் பார்க்கும்போது குறிப்பிடத்தக்க பயன் தெரியவில்லை என்றது. பூமத்திய ரேகையைவிட்டு வடக்கே செல்லச் செல்லப் பயன் கூடுகிறதென்பது ஒல்லாந்து ஆய்வாளர் சிலரின் கணிப்பு.

இக்கணிப்பை அப்படியே கொண்டால், பூமத்திய ரேகைக்கு வடக்கே 6 பாகைக்கும் 10 பாகைக்கும் இடையே கிடக்கும் நமது தீவுக்குப் பகல் விளக்கு வேண்டுவதில்லை என்று முடித்துவிடலாம். ஆனால் அவ்வாறு முடித்தல் அவசரம் என்று எனக்குத் தோன்றுகிறது. வெட்டவெளியில் உச்சிப்பொழுதில் பயன் சிறிது என்பதை ஒப்புக்கொள்வோம். நமது வீதிகளோ வெட்டவெளியிலேயே கிடப்பனவல்ல. இருபுறமும் விதானமாகக் கவிந்த நிழல்மரங்களின் கீழே வெயில் திட்டும் நிழல் திட்டும் மாறிமாறிக் கண்ணைப் பறிக்கும் வீதிகள் நம்மிடம் பல. நுவரெலியாவுக்கு ஏறும் பாதையிலே நண்பகலிலும் மூடுபனி இறங்கும். பருவமழை கொட்டும் பிற்பகலிலே எதிரே வரும் பஸ்ஸின் உருவமே கரைந்துபோகும். இவையெல்லாம் நமக்குரிய வடபுலங்கள்.

இனிப் பழைய வண்டிக்கு வருவோம். நம் நாட்டிலே பழைய வண்டி என்றதும் மனக்கண்முன் வருவது மொறிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் என்பவர் வகுத்த இச்சிறு கார், 1948 ஒக்ரோபரில் இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியிலே முதன்முதல் மக்கள் முன் வைக்கப்பட்டது. பத்து இலட்சத்துக்கு மேல் உற்பத்தியான முதற் பிரித்தானியக் கார் இதுவே. அரைநூற்றாண்டுக்கும் மேலாக இத்தீவின் வீதிகளில் ஓடி, ஆசிரியர்களையும் வைத்தியர்களையும் எழுதுவினைஞர்களையும் சுமந்து, பாட்டனிடமிருந்து பேரனுக்கு முதுசொமாக வந்தவை பல. பேரனானவன் அதனைப் பாட்டன் விட்டுச்சென்றபடியே வைத்திருக்க விரும்புகிறான். அந்த விருப்பத்தைக் குறைகூற யாருக்கும் உரிமையில்லை.

ஆனால் அந்த வண்டியைச் சூழ்ந்துள்ள வீதி மாறிவிட்டது. மைனர் சிறிய வண்டி, உயரம் குறைந்தது, கரும்பச்சை, சாம்பல், கறுப்பு முதலிய அடங்கிய நிறங்கள் பூசப்பட்டது. முன்பு எல்லா வண்டிகளும் விளக்கின்றிச் சென்றபோது அதுவும் அவற்றுள் ஒன்று. இன்று புதிய வண்டிகளின் முகமெல்லாம் ஒளிவிடுகின்றன. விளக்கைக் கண்டு வண்டியை அறியும் பழக்கம் ஓட்டுநர்களின் கண்ணிலே படிந்துவருகிறது. அப்பழக்கம் முற்ற முற்ற, விளக்கில்லாத ஒரே வண்டி முன்னிலும் அதிகமாக மறைந்துபோகிறது. மோட்டார் சைக்கிள்காரர்கள் தமக்கு நேரும் என்று அஞ்சிய தீங்கு, உண்மையிலே பழைய காருக்கே உரியதாகின்றது. மோதினால் நேர்வது என்ன? அந்த வண்டி பிறந்த நாளிலே ஆசனப்பட்டி அதற்கு இல்லை. சில்லுத்தண்டு நேரே ஓட்டுபவரின் நெஞ்சை நோக்கி நிற்கிறது. மோதலின் வேகத்தைத் தான் நசுங்கித் தாங்கிக்கொள்ளும் முன்பகுதியும் இல்லை. மோதியபின் காப்பாற்றுதற்கு அதனிடம் ஒன்றுமில்லாமையால், மோதாதிருப்பதே அதற்குள்ள ஒரே காப்பு.

'பழமை கெட்டுவிடுமே' என்ற தடை இங்கே எழும். அதற்கு மைனரின் வரலாறே விடை தருகிறது. 1948 இல் வந்த மைனருக்கு முன்விளக்குகள் முகக்கிராதியின் இருபுறத்திலும் தாழ்வாக இருந்தன. விளக்கு இவ்வளவு உயரத்தில் இருக்கவேண்டும் என்ற அமெரிக்க விதியின் பொருட்டு அவற்றை மட்காட்டின் மேலே உயர்த்தினார்கள். சிறிது காலத்தில் எல்லா மைனர்களுக்கும் அதுவே வடிவமாயிற்று. இன்று நாம் 'மைனரின் முகம்' என்று போற்றுவது பாதுகாப்பு விதியொன்று வரைந்த முகமே. பக்கத்துத் தூணிலிருந்து எழுந்து விழும் கைகாட்டியை 1961 இல் அகற்றிவிட்டு, மின்னி மின்னி அணையும் சமிக்ஞை விளக்கைத் தொழிற்சாலையே வைத்தது. கைகாட்டியை இன்னும் விடாமல் வைத்திருக்கும் சொந்தக்காரர் பலருங்கூட, பின்னே வருபவர் அதனைக் கவனிப்பதில்லை என்று கண்டு, மின்னும் விளக்கையும் சேர்த்துக்கொண்டனர். அதனால் அவர்களுடைய வண்டி பழைய வண்டி அல்லாமற் போய்விட்டதென்று ஒருவரும் கூறக் கேட்டதில்லை.

செய்யலாம் என்று துணிந்தால் எவ்வாறு செய்வது? மிக எளிய வழி, பகலிலும் முன்விளக்கின் தாழ்ந்த ஒளியை ஏற்றிக்கொண்டு ஓடுவது. செலவில்லை, துளையில்லை. ஆனால் பழைய வண்டிக்கு அது பெரும் பாரம். மைனரின் தைனமோ மிக அதிகமாகத் தரக்கூடியது 22 அம்பியர். 12 வோல்ற்றிலே அது ஏறக்குறைய 260 வாற்று. முன்விளக்கு இரண்டும், அவற்றோடு எரியும் சிறு விளக்குகளும், பின்விளக்குகளும், இலக்கத்தகட்டு விளக்குமாக 110 வாற்றுக்கு மேல் கேட்கும். தீப்பொறிச் சுருளுக்கு வேறு கொடுக்கவேண்டும். திறந்த வீதியிலே இது தாங்கும். நகரத்து நெரிசலிலே இயந்திரம் மெல்லச் சுழலும்போது தைனமோ ஏறக்குறைய ஒன்றுமே தருவதில்லை. பாரம் முழுவதும் பற்றரியின் தலையில் விழும். இக்காலத்து வண்டிகளிலுள்ள ஆடலோட்ட மின்பிறப்பாக்கிக்கு இக்குறை இல்லை. அதனாலேயே அவற்றின் சொந்தக்காரர்களுக்கு இந்தக் கவலை விளங்குவதில்லை.

வொல்வோவைப் பின்பற்றிச் சிறு விளக்கினுள்ளே 21 வாற்றுக் குமிழை இடுவோரும் உளர். பகல் முழுவதும் எரியும்போது அதன் சூடு பழைய கண்ணாடி மூடியையும் இறப்பர் இருக்கையையும் வருத்தும் என்பதால் எனக்கு அவ்வழியில் மனமில்லை.

சிறந்த வழியைக் காலமே கொணர்ந்து தந்திருக்கிறது. எல்.ஈ.டி. என்று எல்லோரும் வழங்கும் ஒளிகாலும் இருவாயி, 1962 இல் சிறிய செந்நிறப் பொறியாகத் தோன்றி, நீல ஒளி தரும் வகை கண்டுபிடிக்கப்பட்டபின் வெண்ணிற விளக்காகியது. 2004 இல் அவுடி நிறுவனத்தார் தம் ஏ8 வண்டியிலே அதனைப் பகல் விளக்காக அமைத்தனர். இத்தகைய விளக்கு இரண்டும் சேர்ந்து 10 அல்லது 15 வாற்றோடு அமைந்துவிடும். பழைய தைனமோவுக்கு அது பொருட்டே அன்று. வாங்கும்போது ஒன்றைக் கவனித்தல் வேண்டும். பகல் விளக்கின் ஒளிச்செறிவு முன்னோக்கி 400 கண்டெலாவுக்குக் குறையாமலும் 1,200 க்கு மேற்படாமலும் இருக்கவேண்டும் என்பது சர்வதேச ஒழுங்குவிதி. ஒரு கண்டெலா என்பது ஏறக்குறைய ஒரு மெழுகுதிரியின் ஒளி. அழகுக்காக விற்கப்படும் மலிவு விளக்குகள் பல இந்த அளவை எட்டுவதில்லை. அவை வெயிலிலே பகல் விளக்கு என்ற பழைய உவமைக்குத்தான் பொருந்தும். நிலத்திலிருந்து 250 மில்லிமீற்றருக்குத் தாழாமலும் 1,500 க்கு உயராமலும், ஒன்றுக்கொன்று உள்விளிம்பில் 600 மில்லிமீற்றர் இடைவெளியோடும் அவற்றை அமைத்தல் நன்று. இரண்டும் அகன்று நின்றால்தான் எதிரே வருபவர் தூரத்தை மதிப்பிட இயலும். பம்பரைத் தாங்கும் இரும்பிலே பட்டியிட்டுப் பூட்டினால் உடலில் ஒரு துளையும் வேண்டியதில்லை.

இணைக்கும்போது நேரும் பெரிய இடர் ஒன்றுண்டு. இக்காலத்து வண்டிகளில் பற்றரியின் எதிர்முனையே உடலோடு பிணைந்திருக்கும். மைனரிலும் அக்காலத்துப் பிரித்தானிய வண்டிகள் பலவற்றிலும் நேர்முனையே உடலோடு பிணைந்திருக்கிறது. சாதாரணக் குமிழுக்கு இவ்வேறுபாடு தெரியாது. ஒளிகாலும் இருவாயிக்கு நன்றாகத் தெரியும். மாறி இணைத்தால் எரியாது, சிலவேளை கெட்டும்போகும். ஆகவே விளக்கின் நேர்முனைக் கம்பியை உடலோடும், எதிர்முனைக் கம்பியை ஆளியிலிருந்து வரும் கம்பியோடும் இணைக்கவேண்டும். விளக்கின் உலோகக் கூடு உள்ளே எதிர்முனையோடு தொடர்புற்றிருக்குமாயின், அதனை இறப்பர் இட்டு வண்டியின் உடலிலிருந்து பிரித்து வைத்தல் இன்றியமையாதது. இல்லாவிடில் மின் குறுக்கே பாய்ந்து கம்பி எரியும். அக்காலத்து வோக்ஸ்வாகன் போன்ற 6 வோல்ற்று வண்டி வைத்திருப்போர் அந்த அளவில் இயங்கும் விளக்கையே தேடிப் பெறவேண்டும்.

லூக்காஸ் நிறுவனத்தாரின் கம்பி நிறங்கள் இவ்வேலையை எளிதாக்குகின்றன. பச்சைக் கம்பி, சாவி திருப்பியபின்பே உருகி வழியாக மின் பெறுவது. சிவப்புக் கம்பி சிறு விளக்குகளுக்கும் பின்விளக்குகளுக்கும் செல்வது. பச்சையிலிருந்து மின்னை எடுத்து, பழைய 35 அம்பியர் உருகியை நம்பாமல் 2 அல்லது 3 அம்பியர் உருகியொன்றைத் தனியே வைத்து, ஒரு சிறிய றிலே வழியாக விளக்குக்குக் கொடுக்கவேண்டும். உள்ளே இருவாயி பொருத்தாத சாதாரண றிலே போதும். அதன் சுருளைச் சிவப்புக் கம்பியோடு தொடுத்துவிட்டால், சிறு விளக்கை ஏற்றிய கணத்திலே பகல் விளக்குத் தானே அணையும். இரவிலும் அது எரியுமானால் எதிரே வருபவர் கண்ணைக் கூசச் செய்யும்; அதனாற்றான் இந்த ஏற்பாடு. பழக்கமுள்ள மெக்கானிக் ஒருவருக்கு இது அரைநாள் வேலை.

பகல் விளக்கு எரியும்போது பின்விளக்கு எரிவதில்லை என்பதையும் ஓட்டுபவர் அறிந்திருக்கவேண்டும். முன்னே ஒளி வீசுவதைக் கண்டு, விளக்கெல்லாம் ஏற்றியாயிற்று என்று எண்ணிக்கொண்டு கடுமழையில் செல்பவரின் பின்புறம் இருண்டே கிடக்கும். புதிய வண்டிக்காரர்களே இதில் ஏமாறுகின்றனர். மழை இறங்கினால், மலைப்பாதையில் மூடுபனி கவிந்தால், கையை நீட்டி முன்விளக்கின் ஆளியை இழுத்துவிடவேண்டும். பகல் விளக்கு அணையும். மைனரின் சொந்த விளக்குகள் முன்னும் பின்னும் எரியும். தைனமோ அந்தச் சிறிது நேரப் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும்.